பின்குறி

துவக்கு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே கிழக்கிலங்கைக் கரையோர மக்களின் மனம் சற்றுச் சுருங்குவது இயல்பே. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தது. எனினும் அதன் ஒலி செவியை விட்டு முற்றாக அகன்றுவிடவில்லை. அத்தகைய மண்ணிலே, றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியின் ஓர் உறுப்பைப் பற்றி, அதுவும் அதன் பின்புறத்தில் விரல்நகம் அளவே தோன்றும் ஒரு சிறு தகட்டைப் பற்றி, இலக்கிய ஏட்டில் எழுதுவானேன் என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. விடையும் எளியதுதான். துப்பாக்கியின் ஏனைய உறுப்புகள் யாவும் குண்டைச் செலுத்துவதற்காக அமைந்தவை. இச்சிறு தகடு ஒன்றே, குண்டு எங்கே போகப்போகிறது என்பதை முன்கூட்டியே மனிதனுக்குச் சொல்லுவதற்காக அமைந்தது. ஆற்றல் குழலில் இருக்கிறது. பொறுப்போ இத்தகட்டில் தொடங்குகிறது.

காரைதீவின் வயற்புறத்திலிருந்தே இதனை விளக்கலாம். காரைதீவு, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை என அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களுக்கு மேற்கே நெல்வயல்கள் விரிந்து கிடக்கின்றன. பன்றியும் யானையும் பயிரைத் தேடி வருவது அம்பாறை மாவட்டத்து விவசாயி நன்கறிந்த துன்பம். பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்றோர் வைத்திருப்பது பெரும்பாலும் சன்னம் தெறிக்கும் நெடுங்குழல் துவக்கு. அதன் நுனியிலே மணி போன்ற ஒரு சிறு குமிழ் உண்டு. பின்புறத்தில் பெரும்பாலும் குறி எதுவும் இராது. அங்ஙனமாயின் எதனை வைத்துக் குறி பார்ப்பது? துவக்கின் கட்டை தோளில் ஊன்றி நிற்கிறது. கன்னம் கட்டையில் படிகிறது. கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஆகவே அங்கே கண்ணே பின்குறியாகிவிடுகிறது.

சுழல்துப்பாக்கிக்கு இவ்வசதி இல்லை. அது தோளில் ஊன்றாது, கன்னத்தில் படியாது. நீட்டிய கையின் நுனியில், மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் ஏற்ப அசைந்துகொண்டு நிற்கும். கண்ணுக்கும் கருவிக்கும் நிலையான உறவு எதுவும் இல்லை. அவ்வுறவை உண்டாக்கித் தருவது குழலின் வாயருகே நிமிர்ந்து நிற்கும் முன்குறியும், கண்ணுக்கு அணித்தாகப் பள்ளம் வெட்டி வைத்த பின்குறியும் ஆகும். ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடுகளும் வரையலாம்; இரு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் வரையலாம். வடிவியலின் இம்முதற்பாடமே குறிபார்த்தலின் முழுச் சூத்திரமும் ஆகும்.

மயிரிழையின் கணக்கு

ஆசிரியர்கள் வகுப்பறையில் இயல்பொத்த முக்கோணிகளைக் கற்பிக்குமிடத்து இதனை நல்லதோர் உதாரணமாகக் கொள்ளலாம். நான்கு அங்குலக் குழலுள்ள சுழல்துப்பாக்கி ஒன்றில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். இலக்கு 25 மீற்றர் தொலைவில் நிற்கிறது. பின்குறி பக்கவாட்டில் ஒரு மில்லிமீற்றர் விலகினால், இலக்கில் குண்டு ஏறத்தாழ 166 மில்லிமீற்றர் விலகிப் படும். உள்ளங்கை அகலத்தினும் மிகுந்த பிழை அது! சர்வதேசப் போட்டிகளில் 25 மீற்றர் துல்லியச் சூட்டு இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 50 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் நடுவைக் குறிவைத்தவன் வட்டத்தினுள்ளேயே நிற்க வேண்டுமாயின், பின்குறியில் பொறுக்கத்தக்க பிழை 0.15 மில்லிமீற்றர் மாத்திரமே. கொப்பித்தாள் ஒன்றரையின் கனம் என்று சொல்லலாம்.

இத்தகைய நுட்பம் காரைதீவுக்குப் புதிதன்று. இவ்வூரில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் பேராசிரியராக மாத்திரம் விளங்கியவரல்லர்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். 1947இல் வெளிவந்த அவரது ‘யாழ் நூல்’, நரம்பின் நீளத்துக்கும் அதில் எழும் சுரத்துக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்த நூல். நரம்பின் நீளத்தில் சிறிது பிறழ்ந்தால் சுரம் பிறழும். பின்குறியின் நிலையில் சிறிது பிறழ்ந்தால் குண்டு பிறழும். இன்னிசைக் கருவியாயினும் கொலைக் கருவியாயினும் அளவு தன் நியதியை விட்டுக்கொடுப்பதில்லை.

குறி வந்த வழி

சுழல்துப்பாக்கியின் வரலாற்றிலே பின்குறி பல இடங்களில் குடியிருந்திருக்கிறது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்ற பின்னர் வெளிவந்த பழைய கோல்ட் வகைகள் பலவற்றில், குதிரை எனப்படும் சுத்தியலின் தலையிலேயே பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. குதிரையைப் பின்னுக்கு இழுத்தால்தான் குறி தோன்றும். 1873ஆம் ஆண்டுக் கோல்ட் வகையில் அது உடற்கூட்டின் மேற்பட்டையில் நீண்டதொரு கால்வாயாக மாறியது. பிரித்தானியப் பேரரசு நெடுங்காலம் கையாண்ட வெப்ளியிலோ, குழலை உடற்கூட்டோடு பூட்டி வைக்கும் தாழின் மேலேயே பின்குறி அமைந்தது.

இவையெல்லாம் அசையாக் குறிகள். தொழிற்சாலையில் எந்த நிறைக் குண்டுக்கு அமைத்தார்களோ அதற்கே அவை பொருந்தும். 1890களில் பாட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கச் சூட்டாளர் சதுர முகமுடைய முன்குறியையும் சதுரப் பள்ளமுடைய பின்குறியையும் வகுத்தார். அதுவரை வழங்கிய மணிமுனையும் வளைவுப் பள்ளமும் கண்ணை மயக்கின. சதுரத்தின் நேர்விளிம்போ ஐயத்துக்கு இடம் வையாது. இன்றைய போட்டிக் குறிகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவையே. பின்னர் திருகாணியால் ஏற்றவும் இறக்கவும், இடமும் வலமும் நகர்த்தவும் கூடிய பின்குறிகள் தோன்றின. அவற்றைத் துப்பாக்கி செய்தவரன்றி வேறு தயாரிப்பாளரும் தனியே செய்து விற்கத் தொடங்கினர். தேர்வு என்னும் சிக்கல் அங்கேதான் பிறந்தது.

எதனைத் தேர்வது?

முதலில் கருதவேண்டியது கடையிலுள்ள பொருளையன்று, சுடுவோரின் கண்ணை. நாற்பது வயதைக் கடந்தோர் புத்தகத்தைச் சற்று எட்டப் பிடித்து வாசிப்பதை நாம் காண்கிறோம். அக்கண் அண்மையிலுள்ள பின்குறியைத் தெளிவாகக் காணாது. அத்தகையோருக்குச் சற்று அகன்ற பள்ளமே ஏற்றது; முன்குறியின் இருபுறமும் ஒளிக்கீற்றுகள் தெளிவாகத் தோன்றும். இளங்கண்ணும் நல்ல வெளிச்சமும் உடையோருக்குக் குறுகிய பள்ளம் நுட்பம் தரும். ஒளி மங்கிய வேளைக்கு வெண்கோடிட்ட பள்ளமும் ஒளியிழை பதித்த குறியும் உதவலாம். நண்பகல் வெயிலில் இலக்குச் சுடுவோருக்கோ பளபளப்பற்ற கருங்குறியே சிறந்தது. அதனாற்றான் பழைய போட்டியாளர் குறிகளைப் புகையில் காட்டிக் கரிபூசிக்கொள்வர்.

இங்கே ஒரு புராணக் கதையையும் சிந்திக்கலாம். துரோணர் வைத்த சோதனையில் அருச்சுனனுக்குக் கிளையும் தெரியவில்லை, பறவையும் தெரியவில்லை. பறவையின் கண் ஒன்றே தெரிந்தது என்பர். சுழல்துப்பாக்கி ஏந்தியவன் அவ்வாறு இலக்கையே உற்று நோக்கினால் தவறிவிடுவான்! மனிதக் கண் ஒரே சமயத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகக் காணமாட்டாது. ஆகவே முன்குறியைத் தெளிவாகக் கண்டு, பின்குறியும் இலக்கும் சற்று மங்கலாயிருக்க இசைவதே முறை. தான் விரும்பும் பொருளினின்று பார்வையை மீட்டுத் தன் கையின் நுனியில் நிறுத்துவது எளிதான ஒழுக்கமன்று.

இரண்டாவது, பின்குறியைத் தனித்துத் தேரலாகாது. பழையதிலும் உயர்ந்த பின்குறியைப் பூட்டினால் குண்டு மேலே படும். அதற்கு ஈடாக முன்குறியும் உயரவேண்டும். குண்டின் நிறையும் கணக்கில் சேரும். ஒரே சுழல்துப்பாக்கியில் நிறைமிகுந்து மெதுவாகச் செல்லும் குண்டு, நிறைகுறைந்து விரைந்து செல்லும் குண்டிலும் மேலே படுவது வழக்கம். அது குழலினுள் அதிக நேரம் தங்குவதால், பின்னுதைப்பில் குழல் வாய் உயர்ந்துவிடுகிறது. முன்குறியும் பின்குறியும் ரவையும் ஒன்றுக்கொன்று உறவினர். ஒன்றை மாற்றினால் மற்றையவற்றையும் விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்றத் தகாததை மாற்றாதிருத்தல். வெப்ளி வகையில் பின்குறி பூட்டுத்தாழோடு ஒன்றியிருப்பதைக் கண்டோம். அங்கே குறியைத் தொடுவது பூட்டையே தொடுவதாகும். பழைய படைக்கலத்தின் உடற்கூட்டை அரத்தால் அராவிப் புதிய குறிக்கு இடம் பண்ணுவோர், ஒரு வரலாற்றுச் சான்றையும் கெடுத்து, உலோகத்தின் உறுதியையும் ஐயத்துக்குள்ளாக்குவர்.

பூட்டும் முறை

ஏற்கெனவே நகரும் பின்குறியை ஏற்கும்படி செய்த துப்பாக்கிகளில் வேலை அவ்வளவு கடினமன்று. ஸ்மித் அன்ட் வெசன் வகையில், மேற்பட்டையில் வெட்டிய நீளப் பள்ளத்துள் ஒரு தகட்டுவில்லாகப் பின்குறி படிந்து, முன்புறத்தில் திருகாணியால் பிணைக்கப்பட்டிருக்கும். ரூகர் வகையில் குறுக்கே செலுத்திய ஒரு சிறு ஆணி அச்சாக நிற்க, கீழேயுள்ள சுருள்வில் அதனைத் தாங்கி நிற்கும். இவ்விரண்டுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில் உருளையைத் திறந்து, ஒவ்வொரு அறையும் வெறுமையாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, ரவைகள் யாவற்றையும் வேறோர் அறையில் வைத்துப் பூட்டவேண்டும். திருகாணியின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே எடுக்கவேண்டும். சுருள்வில் தெறித்து மறையாதவாறு விரலால் அமர்த்தி, கழற்றிய பழைய உறுப்புகளை ஒழுங்காகச் சேமித்து வைக்கவேண்டும். புதிய குறி தன் பள்ளத்துள் ஆட்டமின்றிப் படியவேண்டும்; ஆடினால் அது குறியன்று, அலங்காரம். பொருந்தவில்லையெனில் சுத்தியலால் தட்டிப் பணியவைக்க முனையாது, உரிமம் பெற்ற கைதேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைத்தல் நன்று.

பூட்டியபின் சோதனை. அங்கீகரிக்கப்பட்ட சூட்டுத்திடலில், கையை மெத்தையொன்றில் தாங்கி, ஐந்து குண்டுகளை ஒரே புள்ளிக்குச் சுடுக. ஒரு குண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. ஐந்தின் நடுவே உண்மை கூறும். குண்டு எத்திசை செல்ல வேண்டுமோ அத்திசைக்கே பின்குறியை நகர்த்துக. முன்குறிக்கு விதி நேர்மாறானது. மேலே சொன்ன அளவுகளில், 25 மீற்றரில் 50 மில்லிமீற்றர் திருத்த வேண்டுமாயின், பின்குறியை 0.3 மில்லிமீற்றர் நகர்த்தினால் போதும்.

இத்துணையும் செய்த பின்னர் மறவாதிருக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. குறி கையை நடுங்காமற் செய்யாது. விசையை வெடுக்கென இழுக்கும் விரலைத் திருத்தாது. 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசிய விளையாட்டு விழாவில் மையவெடிக் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்ற இந்தியர் ஜஸ்பால் ரானாவும், உருப்பெருக்கும் கண்ணாடி எதுவுமற்ற இத்தகைய திறந்த குறிகளைக் கொண்டே வென்றார். அப்போட்டியின் விதி அது. விலையுயர்ந்த குறி பிழையை மறைப்பதில்லை. பிழை யாருடையது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

கண்ணற்ற துவக்கு

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என விதிக்கிறது. சுழல்துப்பாக்கி சாதாரண மக்களிடம் காண்பதற்கு அரியது. அரிதாயிருப்பதே நன்று. ஆயினும் நம் வயலோரங்களிலும் காட்டோரங்களிலும் சட்டத்துக்குப் புறம்பாக வேறொரு கருவி இன்னும் பதுங்கிக் கிடக்கிறது. அதன் பெயர் கட்டுத்துவக்கு. மரத்தில் கட்டிய குழல். பாதைக்குக் குறுக்கே இழுத்த ஒரு நூல் அல்லது கம்பி. நூலில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றிக்கென வைத்தது யானையின் காலைத் துளைக்கும்; விறகுக்கும் தேனுக்கும் போனவனையும் முடமாக்கும், சில வேளை கொல்லவும் செய்யும்.

கட்டுத்துவக்கில் முன்குறியில்லை, பின்குறியில்லை, அவற்றின் பின்னே நின்று ‘எதிரே வருவது யார்?’ எனக் கேட்கும் கண்ணும் இல்லை. வைத்தவன் தன் வீட்டில் உறங்குவான். குழலும் மருந்தும் குண்டும் இருந்தால் துவக்கு வெடிக்கும். குறியும் கண்ணும் இல்லாத வெடிக்குப் பொறுப்பாளி இல்லை. நகத்தளவான ஒரு தகட்டைப் பற்றி இத்தனை தூரம் விரித்துரைத்தமைக்குக் காரணம் இதுவே. பின்குறியின் வழியே பார்ப்பவன் ஒரு கணம் தயங்குகிறான். அத்தயக்கத்திலே சுடாதிருக்கும் உரிமை அவனுக்குக் கிடைக்கிறது. அந்தக் கணத்தை அழித்துவிட்ட கருவி எதுவோ, அதனை நம் வயலோரங்களிலிருந்து அகற்றுவது துப்பாக்கி நுட்பம் அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.