பேட்டரியில் பறக்கும் விமானம்

ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனம் தயாரிக்கும் 'வெலிஸ் எலக்ட்ரோ' இரண்டே இருக்கை கொண்ட குட்டி விமானம். முழுக்க மின்சாரத்தில் பறக்கும் விமானங்களில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் வகைச் சான்றிதழை முதலில் பெற்றது இதுதான், 2020 ஜூனில். மூக்குப் பகுதியில் ஒரு பேட்டரி, இருக்கைகளுக்குப் பின்னால் இன்னொன்று. ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ. விமானத்தின் உச்ச எடை 600 கிலோ. இவ்வளவு சுமந்தும் வானில் தாக்குப்பிடிப்பது சுமார் 50 நிமிடம்.

விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அது போதும். ஓடுதளத்தைச் சுற்றிவந்து ஏறி இறங்கிப் பழகும் மாணவருக்கு நெடுந்தூரம் தேவையில்லை. இரைச்சல் குறைவு, பெட்ரோல் செலவும் இல்லை.

நாம் ஏறும் ஏர்பஸ் ஏ320 விமானத்தையும் இப்படி மாற்ற முடியுமா? கணக்கு உதைக்கிறது. ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறத்தாழ 12,000 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பில் கிலோவுக்கு 200 கிடைத்தாலே பெரிது. ஜெட் இன்ஜின் அந்த ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது, மின்மோட்டார் 90 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்திக்கொள்கிறது என்பது உண்மைதான். அதையும் கழித்துப் பார்ப்போம். ஏ320 ஒரு மணி நேரத்தில் எரிப்பது சுமார் 2.5 டன். அதற்கு ஈடான பேட்டரி 60 டன் அளவுக்கு வரும். வெற்று விமானமே 40 டன்னைத் தாண்டும். அது மேலெழும்பக்கூடிய உச்ச எடை 79 டன்தான். பயணிகளுக்கு இடமேது?

எரிபொருள் தீரத் தீர விமானம் இலேசாகும். பேட்டரி தீர்ந்தாலும் எடை அப்படியே இருக்கும். ஏறிய பாரத்தோடுதான் தரையிறங்க வேண்டும்.

பேட்டரியின் ஆயுள் அடுத்த சங்கடம். இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் தன் ஒன்பது இருக்கை மின்விமானத் திட்டத்தை 2023இல் நிறுத்தி வைத்தது. சில நூறு முறை பறந்ததுமே பேட்டரி முழுவதையும் மாற்ற நேரிடும் என்று காரணம் சொன்னது. நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை குறுந்தூரத்தில் இருக்கிறது. கனடாவின் ஹார்பர் ஏர், பழைய பீவர் கடல் விமானத்தில் மின்மோட்டார் பொருத்தி, 2022 ஆகஸ்டில் சுமார் 72 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் கடந்தது. தீவுகளுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் இடையிலான இத்தகைய வழித்தடங்களில் இப்போதே முதலீடு செய்வது தகும்.

அடுத்த முறை மின்விமான அறிவிப்பைப் படிக்கும்போது, எத்தனை பேர் பயணிக்கலாம் என்பதற்கு முன், பேட்டரி எத்தனை கிலோ, எத்தனை முறை சார்ஜ் ஏற்றலாம் என்பதைத் தேடிப் பாருங்கள்.