வெயிலில் வெடித்த பலகை

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம், புத்தளத்தில் ஓலைக் குடிசையில் நெடுங்காலம் வாழ்ந்தது. ஊர் திரும்பிக் கட்டிய வீட்டின் முன்கதவுக்கு வாப்பா முதிரைப் பலகை வாங்கினார். மாரிக்கு முன் கதவு போட்டுவிட வேண்டுமென்ற அவசரத்தில், பச்சைப் பலகைகளை முற்றத்து வெயிலில் பரப்பினோம். ஒரு கிழமைக்குள் முனைகள் வெடித்தன. இரண்டு பலகைகள் வளைந்தன. "மேல்தான் காய்ஞ்சிருக்கு, உள்ளுக்கு இன்னும் பச்சை" என்றார் ஓடாவியார்.

ஏன் இப்படி நடந்தது?

மரத்தில் நீர் இரு வகையாக இருக்கிறது. ஒன்று, கலங்களின் உட்குழியில் நிற்கும் நீர். மற்றையது, கலச்சுவரோடு பிணைந்த நீர். முதலாவது வெளியேறும்போது பலகை சுருங்காது. ஈரம், உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின்னரே பிணைந்த நீர் வெளியேறும்; சுருக்கமும் அப்போதே தொடங்கும். மர வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், வளையங்களுக்குக் குறுக்கே ஏற்படுவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவது இதனாலேயே.

ஈரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் நகரும் என்பது நாம் அறிந்ததே. வெப்பநிலை வேறுபாடும் நீரை நகர்த்தும். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு அது செல்லப் பார்க்கும். நண்பகலில் பலகையின் மேற்பரப்பு சுடுகிறது, உட்பகுதி குளிர்ந்திருக்கிறது. எனவே உள்ளிருந்து வெளியே வரவேண்டிய ஈரத்தை அந்தச் சூடு பின்னே தள்ளுகிறது. மேற்பரப்போ காய்ந்து சுருங்க முயல்கிறது. ஈரமான உட்பகுதி அதற்கு இடங்கொடுப்பதில்லை. இந்த இழுபறியில் மரம் வெடிக்கிறது. நார்களின் வழியே நீர் மிக விரைவாக வெளியேறுவதால் முனைகளே முதலில் வெடிக்கும்.

அப்படியானால் வெப்பம் மரத்துக்குப் பகையா? இல்லை. உள்ளும் புறமும் ஒரே சூட்டில் இருந்தால் நீர் விரைவாக வெளியேறும். அதனால்தான் மரம் உலர்த்தும் சூளைகளில், முதலில் ஈரமான சூட்டுக் காற்றால் பலகையை நடுப்பகுதிவரை சூடாக்குகிறார்கள். பின்னரே காற்றின் ஈரத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

சூளை இல்லாதவர்களுக்கு நிழலும் காற்றும் போதும். கூரையின் கீழ், நிலத்தில் படாமல், பலகைகளுக்கிடையே றீப்பைத் துண்டுகள் வைத்து அடுக்க வேண்டும். முனைகளுக்கு மெழுகோ பெயின்றோ பூச வேண்டும். மேலே பாரம் வைக்க வேண்டும். ஒரு துண்டை எடுத்துக் கிழமைதோறும் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது.

நாங்கள் அந்த மாரியைத் தகரக் கதவோடு கழித்தோம். மீதிப் பலகைகளை ஓடாவியார் சொன்னபடி அடுக்கி, அடுத்த சோளகம் முடியும்வரை காத்திருந்தோம். அவற்றில் செய்த கதவு மாரியில் சற்று இறுகும், வெயிலில் இளகும். இன்றுவரை வெடிக்கவில்லை.