செப்பனிடும் வித்தை

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் வட்டாரத்து யந்திரசாலைகளில் மோட்டார்களும் டயர்களும் ஓயாமல் உற்பத்தியாகின்றன. புதியன செய்வதில் நாம் தேர்ந்துவிட்டோம். பழையன செப்பனிடும் வித்தையோ நம்மிடம் அருகி வருகிறது.

பழைய சுங்கான் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். புகையிலையை நாம் சிபாரிசு செய்யவில்லை. வேலையின் நுட்பத்தையே கூறுகிறோம். பல சுங்கான்களின் வாய்முனை எபனைட்டால் ஆனது. 1839-இல் அமெரிக்கரான குட்இயர் கண்டறிந்தபடி, ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும். கந்தகம் குறைவாயின் டயர் ரப்பர், மிகுந்தால் எபனைட். நாட்பட வெளிச்சம் பட்டால் எபனைட் பச்சை கலந்த பழுப்பாகும். நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் கருமை திரும்பும். பல் பதிந்த பள்ளமும் இளஞ்சூட்டில் பெரும்பாலும் மேலெழும். கிண்ணத்துக் கரியையோ முழுதும் சுரண்டலாகாது. மெல்லிய படலம் மரத்தைக் காக்கும்.

இவ்வேலை நமக்கு அந்நியமன்று. வடக்கே திருவள்ளூரில் எபனைட் கோலைக் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். அத்தகைய கைகளுக்கு முறிந்த வாய்முனையைப் புதிதாய்க் கடைவதும் எட்டாததன்று.

ஆலைகள் பெருகட்டும். அவற்றுக்கு ஆள் பழக்கும் தொழிற்பள்ளிகளில் செப்பனிடும் கல்விக்கும் உரிய இடம் அளிக்கவேண்டும். பழுது பார்க்க அறியாத ஜனங்கள், எத்தனை ஆலைகள் இருப்பினும், பிறர் கையை எதிர்பார்த்தே வாழ நேரும்.