பெயர் போடலாமா, வேண்டாமா? சி.ஐ.ஏ. அதிகாரிகளும் பத்திரிகைகளும்

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்விதான். ஒரு உளவுத்துறை அதிகாரி, தீவிரவாதின்னு சந்தேகப்பட்ட ஒருத்தரைக் கொடுமைப்படுத்தியிருக்கார். பத்திரிகைக்கு விஷயம் தெரிஞ்சிடுச்சு. அதிகாரியோட பெயரும் தெரியும். அந்தப் பெயரைப் போடலாமா?

"போடணும், இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னு சிலர் சொல்வீங்க. "அவர் உயிருக்கு ஆபத்து வந்தா?"ன்னு சிலர் கேட்பீங்க. ரெண்டிலும் நியாயம் இருக்கு. முதல்ல நடந்ததைப் பார்த்துடலாம்.

காலித் எல்-மஸ்ரி, லெபனான் பூர்வீகம் கொண்ட ஜெர்மன் குடிமகன். 2003 டிசம்பர் 31 அன்று பஸ்ஸில் மாசிடோனியா எல்லைக்கு வந்தவரை அதிகாரிகள் பிடித்து வைத்தார்கள். தேடப்பட்ட வேறொரு நபரின் பெயரும் இவர் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்கோப்யே நகரில் ஒரு ஹோட்டல் அறையில் 23 நாள் அடைத்து வைத்து, பிறகு விமான நிலையத்தில் சி.ஐ.ஏ. குழுவிடம் ஒப்படைத்தார்கள். அங்கே அவரை அடித்து, ஆடைகளைக் களைந்து, கண்ணைக் கட்டி, மயக்க மருந்து கொடுத்து விமானத்தில் ஏற்றினார்கள். கொண்டுபோனது ஆப்கானிஸ்தானில் 'சால்ட் பிட்' என்ற ரகசியச் சிறைக்கு. தப்பான ஆள் என்று தெரிந்த பிறகும் உடனே விடவில்லை. 2004 மே மாதம் அல்பேனியாவில் ஒரு மலைச்சாலையில், இரவில் இறக்கிவிட்டுப் போனார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவியும் பிள்ளைகளும் இல்லை. இவர் விட்டுட்டுப் போயிட்டார்னு நினைத்து லெபனானுக்குப் போயிருந்தார்கள்.

சரி, இப்படி ஒருத்தர் வந்து சொன்னா நீங்க நம்புவீங்களா? ஹோட்டல், ரகசிய விமானம், ஆப்கானிஸ்தான் சிறை... சினிமாக் கதை மாதிரிதானே இருக்கு?

2005 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அவர் கதையை வெளியிட்டது. அதை நிரூபிக்க உதவினதுல முக்கியமானது டேட்டா. என்னை மாதிரி ஐ.டி. ஆளுங்களுக்குப் பிடிச்ச பகுதி இதுதான். எந்த விமானத்துக்கும் வாலில் ஒரு பதிவு எண் இருக்கும். விமானத்தைப் பார்த்து போட்டோ எடுக்கிறதையே பொழுதுபோக்கா வெச்சிருக்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. அந்தப் படங்களையும் விமானப் பயணப் பதிவுகளையும் செய்தியாளர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். என்313பி என்ற போயிங் 737 விமானம், 2004 ஜனவரி 23 அன்று ஸ்பெயினின் மயோர்கா தீவிலிருந்து ஸ்கோப்யே வந்து, அங்கிருந்து பாக்தாத் வழியாகக் காபூல் போயிருந்தது. எல்-மஸ்ரி சொன்னதும் இதுவும் பொருந்தியது. அவருடைய தலைமுடியைச் சோதித்த ஜெர்மன் ஆய்விலும், அவர் தெற்காசியப் பகுதியில் இருந்தார், பட்டினி கிடந்தார் என்பதற்கு ஒத்துப்போகும் முடிவு வந்தது.

மிலானில் இன்னொரு கதை. 2003 பிப்ரவரி 17 அன்று, அபு ஒமர் என்ற எகிப்திய இமாமை நடுரோட்டில் வேனில் ஏற்றிக் கடத்தினார்கள். எகிப்துக்குக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்தார்கள் என்பது அவர் புகார். இத்தாலியப் போலீஸ் என்ன செய்தது தெரியுமா? அந்த நேரத்தில் அந்தத் தெருப் பக்கம் இயங்கிய செல்போன்களின் பதிவுகளை எடுத்தார்கள். அதில் சில எண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருந்தன. அந்த எண்களைப் பின்தொடர்ந்தால் ஆடம்பர ஹோட்டல்கள், கிரெடிட் கார்டுகள், சிலர் கொடுத்த விமான ரிவார்டு பாயின்ட் எண் வரைக்கும் வந்தது. ரகசிய ஆபரேஷனில் பாயின்ட் சேர்த்திருக்காங்க! 2009 நவம்பரில் 23 அமெரிக்கர்களுக்கு மிலான் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. ஒருத்தர்கூட நேரில் வரவில்லை. யாரும் அந்தத் தண்டனைக்காக இத்தாலியச் சிறையில் இருக்கவும் இல்லை.

கண்டுபிடிக்கிறது இவ்வளவு எளிதுன்னா, வெளியிடறதும் எளிதுதானே? இங்கதான் நம்ம கேள்வி வருது.

2006 மார்ச்சில் சிகாகோ ட்ரிப்யூன் ஒரு சோதனை செய்தது. பணம் கட்டினால் யாரும் தேடக்கூடிய தகவல் தளங்களை மட்டும் வைத்து, 2,653 சி.ஐ.ஏ. ஊழியர்களின் பட்டியலைத் தயாரித்தது. ஆனால் பெயர்களை வெளியிடவில்லை. அதுக்குக் காரணம் இருக்கு. 1975 டிசம்பரில் ஏதென்ஸ் நகரின் சி.ஐ.ஏ. நிலையத் தலைவர் ரிச்சர்ட் வெல்ச் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அவர் பெயர் பத்திரிகைகளில் வந்திருந்தது. கொலைக்கு அதுதான் காரணமா என்பதில் இன்றும் விவாதம் உண்டு. ஆனால் ரகசிய அதிகாரிகளின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று 1982-ல் அமெரிக்கா சட்டம் போட்டதற்கு அந்த மரணமும் ஒரு காரணம். அந்த 2,653 பேரில் பெரும்பாலானவர்கள் யாரையும் அடித்தவர்கள் இல்லை. அவங்க பெயரைப் போடாதது சரின்னுதான் நானும் நினைக்கிறேன்.

அடுத்து 2011 பிப்ரவரி. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஆடம் கோல்ட்மன், மாட் அப்புஸோ ரெண்டு பேரும் எல்-மஸ்ரி வழக்கின் உள்கதையை எழுதினார்கள். அவரைப் பிடித்து வைக்கணும் என்று அழுத்திச் சொன்ன பகுப்பாய்வாளர் மேல் நடவடிக்கை இல்லை. பதவி உயர்வுதான் கிடைத்தது. ரகசிய வேலையில் இருப்பவர்களின் முழுப் பெயரை ஏ.பி. போடவில்லை. ஆனால் யார் என்ன பொறுப்பில் இருந்தார், என்ன முடிவெடுத்தார், அதற்குப் பிறகு அவருக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் இருந்தது.

அதே சால்ட் பிட்டில் 2002 நவம்பரில் குல் ரஹ்மான் என்ற கைதி செத்துப்போனார். இடுப்புக்குக் கீழே துணி இல்லாமல், குளிரும் கான்கிரீட் தரையில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். உடல் வெப்பம் இறங்கி மரணம். நாலு மாசம் கழித்து, அந்தச் சிறைக்குப் பொறுப்பான அதிகாரிக்கு 2,500 டாலர் ரொக்கப் பரிசுக்குப் பரிந்துரை போனது. இது 2014-ல் வந்த அமெரிக்க செனட் அறிக்கையிலேயே இருக்கு. அந்த மரணத்துக்காக யார் மீதும் வழக்கு இல்லை.

இதில் ஜெயிலுக்குப் போன ஒரு சி.ஐ.ஏ. அதிகாரி இருக்கார். ஜான் கிரியாகோ. கைதிகளின் முகத்தில் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணறடிக்கும் முறையைப் பற்றி 2007-ல் டி.வி.யில் பேசியவர். 2013-ல் அவருக்கு 30 மாதம் சிறை. யாரையும் அடித்ததுக்கு இல்லை. ஒரு ரகசிய அதிகாரியின் பெயரைச் செய்தியாளரிடம் சொன்னதுக்கு.

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை செய்யறவங்களுக்கு ஒரு பழக்கம் தெரிஞ்சிருக்கும். சர்வர் விழுந்தா, அப்புறம் ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் யார் பெயரும் வராது. "யார் செஞ்சது"ன்னு கேட்காம "எப்படி நடந்தது"ன்னு கேட்போம். எனக்கு அந்த முறை பிடிக்கும். எல்-மஸ்ரி விஷயத்தில் சி.ஐ.ஏ. தலைமை எடுத்த நிலைப்பாடும் கேட்க அப்படித்தான் இருக்கு: எதுவும் உறுதியாகத் தெரியாத தொழிலில் தப்புகள் நடக்கும், அதனால் நடவடிக்கை தேவையில்லை.

ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. பெயர் போடாத அறிக்கைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. நடந்தது முழுசா எழுதப்படணும். பாதிக்கப்பட்டவங்களுக்கு உண்மை தெரியணும், இழப்பை ஈடு செய்யணும். மறுபடி நடக்காம இருக்க வழி செய்யணும். எல்-மஸ்ரி அமெரிக்காவில் போட்ட வழக்கை, அரசு ரகசியம் வெளியாகும் என்று விசாரிக்காமலே தள்ளினார்கள்; 2007 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் எடுத்துக்கொள்ளவில்லை. மியூனிக் நீதிமன்றம் 13 பேருக்கு வாரண்ட் போட்டது. அதில் இருந்த பல பெயர்கள் போலி. அவர்களை ஒப்படைக்கச் சொல்லி ஜெர்மன் அரசு முறைப்படி கேட்கவே இல்லை. கடைசியில் 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் அவருக்கு நடந்தது சித்திரவதை என்று சொல்லி, 60,000 யூரோ கொடுக்கச் சொன்னது. கொடுக்கச் சொன்னது யாரை? மாசிடோனியாவை. 2018-ல் மன்னிப்புக் கேட்டதும் மாசிடோனியாதான்.

என்னைக் கேட்டா, அதிகாரியோட வீட்டு முகவரி, குடும்பம், போட்டோ எதுவும் வேண்டாம். அது பழிவாங்கல். ஆனால் அவர் வகித்த பொறுப்பு, எடுத்த முடிவு, பின்னாடி கிடைத்த பதவி, இதெல்லாம் கட்டாயம் வரணும். பெயர்? துறையும் நீதிமன்றமும் ஒழுங்கா விசாரிக்கிற வரைக்கும் பத்திரிகை அதைக் கையில் வெச்சிருக்கலாம். எல்லாக் கதவையும் சாத்திட்டு, அதே ஆளை இன்னும் பெரிய நாற்காலியில் உட்கார வெச்சா, அப்ப அந்தப் பெயரை மறைக்கிறது பாதுகாப்பு இல்ல, சலுகை.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி படிக்கும்போது கவனிச்சுப் பாருங்க. அடிவாங்கியவர் பெயர், ஊர், மதம், போட்டோ எல்லாம் இருக்கும். அடித்தவர் இடத்தில் "அதிகாரி ஒருவர்" என்று மட்டும் இருக்கும். ஏன் அப்படின்னு ஒரு தடவை கேளுங்க.

இதில் நீங்க மாறுபட்டா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.