கரண்ட் நிலையத்தில் ஒரு டிரம் எண்ணெய் கொட்டினால் என்ன ஆகும்?
சோப்பு போட்டு கழுவினால் ஆத்துக்குத்தான் ஆபத்து

எண்ணூர்:

அனல் மின்நிலையம் என்றால் நிலக்கரியும் சாம்பலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே எண்ணெயும் டேங்க் டேங்காக இருக்கிறது. அதில் ஒரு டிரம் அளவு கொட்டினால்கூட, கவனிக்காமல் விட்டால் பக்கத்து ஆற்றில் வலை வீசுபவர்களின் பிழைப்பில் மண் விழுந்துவிடும்.

நிலக்கரி ஆலையில் எண்ணெய் எதற்கு?

நின்று போன பாய்லரை நேரடியாக கரியைப் போட்டு பற்ற வைக்க முடியாது. முதலில் எண்ணெயைப் பீய்ச்சி தீ மூட்டி, சூடு ஏறிய பிறகுதான் கரித்தூள் உள்ளே போகும். இதற்குத்தான் பர்னஸ் ஆயிலும் டீசல் ரக எண்ணெயும் சேமித்து வைக்கிறார்கள். இதுதவிர டிரான்ஸ்பார்மருக்குள் சூட்டைத் தணிக்க எண்ணெய், டர்பைன் பேரிங்குக்கு எண்ணெய் என்று தனித்தனியாக உண்டு.

பர்னஸ் ஆயில் தார் மாதிரி கெட்டியானது. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். ஆறிவிட்டால் கல், செடி, வலை எதில் பட்டாலும் அப்பிக்கொள்ளும்.

எங்கே கசியும்?

லாரியில் இருந்து இறக்கும்போது ஹோஸ் பைப் கழன்று கொட்டலாம். குழாய் இணைப்பு, பம்ப் சீல் தேய்ந்தும் ஒழுகலாம்.

எண்ணெய் டேங்கை சுற்றி தொட்டி போல சுவர் கட்டியிருப்பார்கள். டேங்க் உடைந்தாலும் எண்ணெய் உள்ளேயே தேங்கத்தான் இந்த ஏற்பாடு. மழைத் தண்ணீரை வெளியேற்ற அந்த சுவரில் ஒரு வால்வு இருக்கும். அதைத் திறந்தவர் மூட மறந்தால் போச்சு. அத்தனை சுவரும் இருந்தும் புண்ணியமில்லை.

முதல் 10 நிமிடம் முக்கியம்

எண்ணெய் கொட்டியதைப் பார்த்தவர் முதலில் சத்தம் போட்டு மற்றவர்களை எச்சரிக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமுக்கு தகவல் சொல்ல வேண்டும். பம்பை நிறுத்தி வால்வை மூட வேண்டும். பக்கத்தில் வெல்டிங், பீடி, சிகரெட் எதுவும் கூடாது.

அடுத்து ஓடிப்போய் அடைக்க வேண்டியது மழைநீர் வடிகால். கீழே கிடக்கும் எண்ணெயை அப்புறம்கூட அள்ளலாம். வடிகாலில் இறங்கியதை அள்ளுவது பெரும்பாடு. மணல் மூட்டை போட்டு வாயை அடைத்து, மணல் அல்லது மரத்தூளால் சுற்றிலும் கரை கட்ட வேண்டும்.

தண்ணீர் ஓடும் கால்வாய் என்றால் முழுசாக அடைத்தால் நிரம்பி வழிந்துவிடும். அதற்கும் வழி இருக்கிறது. மணல் மூட்டைத் தடுப்புக்குள் ஒரு குழாயை சாய்வாக வைப்பார்கள். எண்ணெய் வரும் பக்கம் குழாயின் வாய் நீருக்கு அடியில் இருக்கும். எண்ணெய் மிதக்கும் அல்லவா? அடியில் உள்ள தண்ணீர் மட்டும் வெளியேறும். எண்ணெய் மேலேயே நின்றுவிடும். அதை அள்ளிக் கொள்ளலாம்.

சோப்பு போடலாமா?

கூடவே கூடாது. சோப்புத்தூள் போட்டு தண்ணீர் பீய்ச்சினால் தரை பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் எண்ணெய் எங்கேயும் மாயமாகவில்லை. பொடிப்பொடி துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்து விடுகிறது. தடுப்பிலும் நிற்காது, அள்ளவும் முடியாது. நேராக ஆற்றுக்குப் போய்விடும்.

அள்ளிய மணல், மரத்தூள், துணி எல்லாம் அபாயகரமான கழிவு. குப்பைமேட்டில் கொட்டக்கூடாது, எரிக்கவும் கூடாது. மூடிய டிரம்மில் வைத்து அனுமதி பெற்ற நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

அள்ளுகிறவர் கதி?

பெரும்பாலும் இந்த வேலைக்கு இறக்கப்படுவது காண்டிராக்ட் தொழிலாளர்கள்தான். கையுறை, பூட்ஸ் இல்லாமல் எண்ணெயைத் தொட்டால் தோல் அரிக்கும், கொப்பளிக்கும். வாடையில் தலை சுற்றும். ‘கையுறை கொடுங்கள்’ என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

எண்ணூர் பட்ட பாடு

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய எண்ணெயை நவீன எந்திரங்களால் முழுமையாக உறிஞ்ச முடியவில்லை. கடைசியில் ஆட்கள் பக்கெட்டில்தான் அள்ளினார்கள்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி பகுதியில் இருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை நாசமாக்கியது. படகு, வலை எல்லாம் கறுப்பாகிப் போனது. அரசு அறிவித்த நிவாரணம் ரூ.8 கோடியே 68 லட்சம். இதில் 787 படகுகளை சரிசெய்ய தலா ரூ.10 ஆயிரம், மீனவர் குடும்பங்கள் 2,301-க்கு தலா ரூ.12,500.

இந்த இரண்டும் மின்நிலையத்தில் நடந்தது அல்ல. ஆனால் வடசென்னை அனல் மின்நிலையமும் இதே ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. எங்கிருந்து எண்ணெய் வந்தாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

கால்வாயில் வானவில் நிறத்தில் படலமோ, கறுப்பு எண்ணெயோ மிதந்தால் இறங்கி அள்ள வேண்டாம். அங்கே பிடித்த மீன், நண்டு, இறாலை சாப்பிடவும் விற்கவும் வேண்டாம். நேரம் குறித்து போட்டோ எடுத்துக்கொண்டு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாசில்தார் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும். கடலில் என்றால் கடலோர காவல்படையின் 1554 எண்ணில் தகவல் கொடுக்கலாம்.

ஒரு மூட்டை மணலும் மூடிய ஒரு வால்வும் போதும், ஒரு டிரம் எண்ணெய் ஆலைக்குள்ளேயே நின்றுவிடும். வெளியே வந்துவிட்டால் கோடிகள் செலவழித்தாலும் ஆறு பழையபடி ஆக வருஷக்கணக்காகும்.