தேர்வு நெருக்கடியும் இளம் உள்ளங்களும்

உள்ளத்தின் நோயும் மருத்துவத்தின் எல்லைக்குள் அடங்கும் என்பது நம் காலத்தில் தோன்றிய கருத்தன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் தம் அரபு நூலை உடல் நலம், உள்ள நலம் என இரு பகுதிகளாக வகுத்தார். அக்கால மருத்துவர்கள் உடலை மட்டுமே பேணி உள்ளத்தைப் புறக்கணித்ததை அவர் குறைகூறினார். துயரத்தையும் காரணம் தெரிந்தது, காரணம் புலப்படாதது என இரண்டாகப் பிரித்தார். இன்றைய வளரிளம் பருவத்தினரின் மன உளைச்சலை விளங்கிக்கொள்ள இப்பகுப்பு பெரிதும் உதவும்.

காரணம் தெரிந்த துயரத்துக்கு இராஜஸ்தானின் கோட்டா நகரம் ஒரு சான்று. மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்காகப் பதின்பருவத்தினர் பெரும் எண்ணிக்கையில் வீட்டைப் பிரிந்து அங்குத் தங்கிப் பயில்கின்றனர். 2023இல் மட்டும் அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் மாவட்ட நிர்வாகம், பயிற்சி நிலையங்கள் நடத்தும் தேர்வுகளை இரு மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. 16 வயது நிரம்பாதோரைச் சேர்க்கலாகாதென ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது.

நெருக்கடியின் வேரோ எண்ணிக்கையில் உள்ளது. 2024இல் நீட் தேர்வை 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர், எம்.பி.பி.எஸ். இடங்கள் 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் குறைவு. ஏறத்தாழ இருபது பேருக்கு ஓரிடம். அனைவரும் அயராது உழைத்தாலும் பத்தொன்பது பேர் வெளியே நின்றாக வேண்டும். இது வெறும் கணக்கு. ஆனால் அக்கணக்கையே தன் தகுதிக்கான தீர்ப்பாகப் பிள்ளை எண்ணிக்கொள்கிறது. வீட்டாரின் ஒப்பீடுகள் அவ்வெண்ணத்தை உறுதிசெய்கின்றன.

காரணம் புலப்படாத துயரம் இதனினும் நுட்பமானது. உறக்கம் கெடுதல், உணவில் வெறுப்பு, நண்பர்களிடமிருந்து ஒதுங்கல், ஓயாத எரிச்சல் ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். இதனைச் சோம்பல் என்றோ, இறைநம்பிக்கையின் குறை என்றோ கடிவது காய்ச்சலில் கிடப்பவனை ஏசுவதற்கு ஒப்பாகும். அல்-பல்கீயும் இத்தகைய துயரின் மூலத்தை உடலிலேயே தேடினார். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் எழுகிறதா என்று பரிவுடன் நேரடியாகக் கேட்கப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தை விதைப்பதில்லை. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண்ணாகிய 14416இல் இரவு பகலாகத் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

உடல்நலத்துடன் இருப்பவர் அவசரத்துக்கென மருந்தைச் சேமித்துவைப்பதுபோல, உள்ளம் அமைதியாக இருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்பது அல்-பல்கீயின் அறிவுரை. தேர்வு முடிவு வந்தபின் கூறப்படும் ஆறுதல் பிள்ளையின் செவியில் ஏறுவது அரிது. இவ்வழி அடைபட்டாலும் வேறு வழிகள் உண்டு, எந்த மதிப்பெண்ணோடு வந்தாலும் இவ்வீடு உன்னுடையதே என்னும் உறுதியைத் தேர்வுக்கு முன்பே அளிப்பதுதான் பெற்றோர் சேமித்துவைக்க வேண்டிய மருந்து.