கர்னல் கூப்பிடும்போது

விண்டோஸ் கணினியில் ஒரு நிரலின் சின்னத்தை இருமுறை சொடுக்கினால் அது உடனே ஓடத் தொடங்குவதாகத்தான் தோன்றும். ஆனால் அதன் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பே, இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் சிலரைக் கூப்பிட்டுச் சேதி சொல்லிவிடுகிறது. புதிய ப்ராசஸ் (ஓடும் நிரல்) ஒன்று பிறக்கிறது, அதைத் தொடங்கியது இன்னது, கோப்பின் பெயர் இது, கூடவே வந்த கட்டளை வரி இது. கூப்பிடப்படுபவை ஆன்டிவைரஸ் போன்ற மென்பொருள்களின், கர்னலுக்குள்ளேயே ஓடும் டிரைவர்கள். 'இது நடந்தால் என் ஃபங்ஷனை அழை' என்று அவை முன்கூட்டியே கர்னலிடம் பதிந்து வைத்திருக்கும். அப்படிப் பதிந்த ஃபங்ஷன்தான் கால்பேக்.

சேதியோடு வரும் தகவல் தொகுப்பில் முடிவுக் குறியீட்டுக்கென்று ஓர் இடம் உண்டு. டிரைவர் அங்கே 'அனுமதி மறுப்பு' என்று எழுதிவிட்டால் ப்ராசஸ் தொடங்காது. ப்ராசஸ் முடியும்போதும் இதே கால்பேக்தான் அழைக்கப்படும். அப்போது தகவல் தொகுப்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக வரும். பிறப்பா இறப்பா என்பதை டிரைவர் அதை வைத்தே தெரிந்துகொள்கிறது.

தடுக்கும் இந்த அதிகாரம் எளிதில் வந்துவிடவில்லை. 32-பிட் காலத்தில் பாதுகாப்பு மென்பொருள்கள் நிரல்கள் கர்னலிடம் சேவை கேட்கும் வழிகளைக் குறித்திருக்கும் சிஸ்டம் கால் அட்டவணையைத் திருத்தி, அதில் தங்கள் ஃபங்ஷனின் முகவரியை எழுதிக்கொண்டன. ரூட்கிட் எனும் தீய நிரல்களும் அதே வழியில்தான் நுழைந்தன. 2005இல் 64-பிட் விண்டோஸோடு பேட்ச்கார்டு என்ற காவல் ஏற்பாடு வந்தது. கர்னலின் முக்கிய அட்டவணைகளை யாராவது தொட்டிருந்தால் அது கணினியையே நிறுத்திவிடும். 2006இல் சைமன்டெக்கும் மெக்காஃபியும் இதை வெளிப்படையாக எதிர்த்தன. 2008இல் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கில்தான் தடுக்கும் அதிகாரத்தோடு முறையான கால்பேக் கிடைத்தது.

வாசல் திறந்தாயிற்று, உள்ளே வருபவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே வடிவமைப்பின் கடினமான பகுதி. ப்ராசஸைத் தொடங்கிய அதே த்ரெட்டில்தான், அதாவது அதே செயலோட்டத்தில்தான், கால்பேக்கும் ஓடுகிறது. கால்பேக் திரும்பும்வரை அந்த த்ரெட் நகராது. சோதனைச்சாவடியில் ஒரு லாரியை நிறுத்தி வைத்தால் பின்னால் வரும் வண்டிகளெல்லாம் நிற்பது போலத்தான். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் கண்டிப்பாகப் பேசுகிறது: கால்பேக் சுருக்கமாக இருக்க வேண்டும், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைத் தொடக் கூடாது, வேறு த்ரெட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, கர்னலுக்கு வெளியே ஓடும் சேவையிடம் கருத்துக் கேட்கக் கூடாது. நேரம் பிடிக்கும் வேலையைத் தனி வொர்க்கர் த்ரெட்டின் வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும்.

வருவதைவிட விடைபெறுவது சிக்கலானது. பதிவை நீக்காமல் டிரைவர் நினைவகத்தைவிட்டு இறங்கிவிட்டால், அதன் பழைய முகவரி கர்னலிடம் அப்படியே இருக்கும். அடுத்த ப்ராசஸ் பிறக்கும்போது கர்னல் அந்த முகவரிக்குத் தாவும், அங்கே ஒன்றும் இருக்காது, கணினி நின்று நீலத்திரைதான். எனவே பதிவை நீக்கும் ஃபங்ஷன், ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக்குகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்துதான் திரும்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் கால்பேக்கே தன் பதிவை நீக்க முயன்றால்? தான் முடிவதற்காகத் தானே காத்துக்கிடக்கும், என்றென்றைக்கும். ஆவணம் அதைத் தடை செய்திருப்பது இதனால்தான்.

அழைப்பு எவ்வளவு ஒழுங்காக வந்தாலும் அதைக் கையாளும் நிரல் தவறினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் இந்திய நேரப்படி காலை 9.39க்குத் தன் டிரைவருக்கு ஒரு புதிய விதிக்கோப்பை அனுப்பியது. 21 மதிப்புகளை எதிர்பார்த்த விதி அது. டிரைவருக்குள் அதற்குக் கொடுக்கப்பட்டவை 20 மட்டுமே. ப்ராசஸ்களுக்கு இடையிலான தொடர்பு பற்றி விண்டோஸிடமிருந்து அடுத்த அறிவிப்பு வந்ததும் டிரைவர் இல்லாத 21ஆம் மதிப்பைப் படிக்கப் போய், எல்லை தாண்டி நினைவகத்தைத் தொட்டது. சாதாரணச் செயலியில் இது நடந்திருந்தால் அந்தச் செயலி மட்டும் மூடப்பட்டிருக்கும். கர்னலுக்குள் நடந்ததால் மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள் விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின.

பாதுகாப்பு மென்பொருளைக் கர்னலுக்கு வெளியே நகர்த்தும் வேலையை மைக்ரோசாஃப்ட் அதன்பின் முடுக்கிவிட்டது. ஆப்பிள் இதை 2019இலேயே மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பில் தொடங்கிவிட்டது. அங்கே நிகழ்வுகள் இரண்டு வகை: சேதி மட்டும் சொல்பவை, அனுமதி கேட்பவை. அனுமதி கேட்கும்போது கர்னல் வெளியே உள்ள செயலியின் பதிலுக்காகக் காத்திருந்தே ஆக வேண்டும். விண்டோஸ் ஆவணம் வேண்டாம் என்று எச்சரித்த அதே காத்திருப்பு. ஆப்பிள் அதற்கு ஒரு கெடு வைத்தது. ஒவ்வொரு கேள்வியோடும் பதில் சொல்ல வேண்டிய நேர எல்லையும் சேர்ந்தே வரும். அதற்குள் பதில் வராவிட்டால், இயங்குதளம் அந்தப் பாதுகாப்புச் செயலியையே முடித்துவிடும்.